மணிச்சத்தத்தின் பின்னால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் என் கணவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கரியாஹாட் கடைத்தெரு நெரிசலில் சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஹவுராவில் சைக்கிள்களை ரயிலேற்றி, சால மரக் காட்டை ஒட்டிய ஏரிச் சாலைக்குப் போவோம். அங்கே வண்டி எதுவும் வராது. நான் மணியடித்தபடி முன்னால் போவேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வருவார்.

ஒரு மார்கழிக் காலையில் திரும்பிப் பார்த்தால், நடுச்சாலையில் இறங்கி நின்றிருந்தார்.

"ஏன்னா, என்னாச்சு?"

"நீ மணியடிக்கறது நன்னா கேக்கறது. ரோடுதான் சுத்தமா தெரியலை. இனிமே இது வேண்டாம்."

ஸ்டேஷன்வரை சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். அவருடைய ஹாண்டில்பாரை நான் ஒரு கையால் பிடித்திருந்தேன்.

"ஏரில பறவையெல்லாம் வந்திருக்கா?" என்று கேட்டார்.

"நிறைய வந்திருக்கு" என்றேன். ஏரிப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. அழுதுகொண்டிருந்தேன்.