நாற்பத்து மூன்றாம் வளைவில் மோர்

எனக்குக் காரில் போனால் வாந்தி வராது என்று சேந்தமங்கலம் பூராவும் நானே டமாரம் அடித்து வைத்திருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கொல்லிமலையில் பிறந்து வளர்ந்தவள். எழுபது கொண்டை ஊசி வளைவும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று அத்தை வீட்டுத் தெருப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்வேன். கீழே இருக்கிறவர்கள் மலை பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, முகம் வெளுத்துப்போய் வருவதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு இளக்காரம். வாய்க்கொழுப்பு என்று அம்மா சொல்வாள். உண்மைதான், இன்றைக்கும் அது குறைந்தபாடில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. மலையிலிருந்து சேந்தமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். மாமா அங்கே கார் பட்டறை வைத்திருந்தார். முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே நான் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன். பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மாமாவின் பழைய கார் நின்றது. பச்சை நிறம், உப்பிய முகம், இரண்டு பக்கமும் துருத்திய விளக்கு. தவளைக் கார் என்றால்தான் ஊரில் தெரியும். அந்த வட்டாரத்தில் இப்படிப் பழைய கார் பைத்தியம் பிடித்தவர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒருத்தர் வீட்டில் கூடி, பானட்டைத் திறந்துவைத்து, உள்ளே இருக்கிற ஒரு போல்ட் காரோடு வந்த போல்ட்தானா இல்லை பிற்பாடு போட்டதா என்று மத்தியானச் சாப்பாடு வரைக்கும் வழக்காடுவார்கள். சொந்த வீட்டில் குழாய் ஒழுகினால் எட்டிப் பார்க்காத மனிதர்கள் எல்லாரும்.

வருடத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில், ஆறு கார்களும் மலையேறும். காரவள்ளி அடிவாரத்தில் கிளம்பி எழுபதாவது வளைவு தாண்டினால் ஜெயித்த மாதிரி. அதற்கு வைத்திருந்த விதிகள் ரொம்பக் கறாரானவை. வண்டி வழியில் நிற்கலாம், சூடு ஆறலாம். ஆனால் வெளி ஆள் கை வைத்துத் தள்ளக்கூடாது, கயிறு கட்டி இழுக்கக்கூடாது, இன்னொரு வண்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாங்கக்கூடாது. வாங்கினால் அந்த வருடம் அந்த வண்டி தோற்றது. இறங்கும்போது யார் ஓட்டப்போகிறாரோ அவர்தான் காலையில் வண்டிக்கு வேண்டிய தண்ணீர், கட்டை, பெல்ட் எல்லாவற்றையும் பார்த்து வைக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. பழைய பிரேக்கை நம்பி எழுபது வளைவு இறங்குவது விளையாட்டு இல்லை. அப்படி இறக்கியவர் பெயரைத்தான் சங்கத்து நோட்டில் உறுப்பினர் என்று எழுதுவார்கள்.

அத்தையின் பெயர் அந்த நோட்டில் கிடையாது. ஆனால் தவளைக் கார் மலையேறிய ஒவ்வொரு தடவையும் அவள் முன்சீட்டில், மடியில் ஒரு புளியமரக் கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் காரின் ஹேண்ட்பிரேக் சும்மா பேருக்குத்தான். ஏற்றத்தில் வண்டி நின்றால் அவள் கதவைத் திறந்து குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போடவேண்டும். மாமா வண்டியின் ஹேண்ட்பிரேக் சேலை கட்டியிருக்கிறது என்று சங்கத்தார் கேலி பேசுவார்கள். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். ஏரிக்கரையில் கார் ஓட்டிப் பழகி, லைசென்சும் வாங்கி, பட்டறை வண்டிகளை வீடுவீடாகக் கொண்டுபோய் விட்டுவந்தவள் அவள். அந்த வருடம் வாய்விட்டுக் கேட்டேவிட்டாள். இந்தத் தடவை இறங்கும்போது நான் ஓட்டுகிறேன் என்றாள்.

சங்கத்தில் இரண்டு மாதம் இதே பேச்சு. மாமா வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. கேட்டால் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார். தலைவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கறுப்புக் கார்க்காரர். கடைசியில் அவர்தான் வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"ஓட்டுங்க அம்மணி. ஆனா மேல போய்ச் சேர்ற வரைக்கும் உங்க பொறுப்புல ஒரு கொறை வரக்கூடாதுங்க. வந்துச்சுன்னா அப்புறம் பேச்சே இல்லீங்க."

அன்றிலிருந்து அத்தைக்குக் கால் தரையில் பாவவில்லை. பருப்பு கடையும்போதுகூட கியர் மாற்றுகிற மாதிரி கையை ஆட்டுவாள். கிளம்புகிற அன்றைக்கு ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து, மூடியைத் திருகி, திரும்பத் திறந்து பார்த்து, மறுபடி திருகினாள். நானே என் கண்ணால் பார்த்தேன். கேன் பின்சீட்டில் என் காலடியில் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில், மேலே போய் எல்லாரும் சாப்பிடும்போது ஊற்றுவதற்கு, பெரிய தூக்குப்போசி நிறைய மோர். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தட்டிப்போட்டு அத்தை கலக்கியது.

எனக்கும் ஒரு உத்தியோகம் இருந்தது. வளைவுக்கு வளைவு ஓரத்தில் பலகையில் எண் எழுதியிருக்கும். அதைச் சத்தமாகப் படிக்கவேண்டும். பதினைந்து வரைக்கும் ஜோராகப் படித்தேன். இருபதுக்கு மேல் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. காலையில் ஏழு இட்லி தின்றிருந்தேன். பழைய காரின் பெட்ரோல் வாடை வேறு. இருபத்தேழாவது வளைவில் ஆறு கார்களும் சூடு ஆற நின்றன. எல்லாரும் இறங்கிக் கீழே தெரியும் ஊர்களைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். காருக்குள் நான் மட்டும். ஏழு இட்லியும் சாம்பாரோடு கால்மிதியில் வந்து விழுந்தன.

மலைக்காரி வாந்தி எடுத்தாள் என்று தெருவுக்குத் தெரிந்தால் என் கதி என்னாவது! எனக்கு வேறு எந்த யோசனையும் ஓடவில்லை. கேனைத் திறந்து கால்மிதியில் ஊற்றினேன். வாடை போகவில்லை. இன்னும் ஊற்றினேன். கதவைத் திறந்து வழித்துத் தள்ளினேன், மிச்சத்தையும் கவிழ்த்தேன். கேன் காலியானபோது கார் சுத்தமாக இருந்தது. மூடியை அத்தை திருகியதைவிட இறுக்கமாகத் திருகி, பழைய இடத்திலேயே வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அத்தை வந்து உட்கார்ந்து ஒருமுறை மோந்து பார்த்தாள்.

"ஏங்கண்ணு, ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

"எனக்கென்னங்க அத்தை, நா மலைக்காரியாச்சே!"

நாற்பத்து மூன்றாவது வளைவில் தவளைக் கார் இரண்டு தடவை இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. கார் பின்னால் நகருமுன் அத்தை குதித்துக் கட்டையைப் போட்டுவிட்டாள். மாமா பானட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பு கொதிக்கிறது என்றார். இந்தப் பழைய கார்களுக்கு இது வழக்கமான சீக்கு. வெயிலிலும் ஏற்றத்திலும் பம்பு காய்ந்துபோனால் உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும், எஞ்சினுக்குப் போய்ச் சேராது. பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் கிளம்பிவிடும். அதற்காகத்தான் அந்தக் கேன்.

அத்தை பின்கதவைத் திறந்து கேனைத் தூக்கினாள். அது காகிதம் மாதிரி மேலே வந்தது. அவள் கேனைப் பார்த்தாள், ஈரமான கால்மிதியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்து, "நாப்பத்தி மூணு!" என்று படித்தேன்.

"ஏனுங்க, கேன்ல தண்ணி ரொப்ப மறந்துட்டனுங்க" என்றாள் அத்தை.

மாமா எதற்கும் சத்தம் போடாத மனிதர். அன்றைக்குப் போட்டார். "ஒரு கேன் தண்ணியப் பாத்து வெக்க முடியல, நீ வண்டி எறக்கப் போறியா? ரெண்டு மாசமா என் உசுர வாங்கினது இதுக்குத்தானா?" அதற்குள் தலைவரின் கறுப்புக் கார் பின்னால் வந்து நின்றது. சுற்றிலும் காய்ந்த பாறை, ஓடை இருந்த இடத்தில் வெறும் மணல். தலைவர் தண்ணீர் வேண்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். வாங்கினால் தவளைக் கார் தோற்றது என்று எல்லாருக்கும் தெரியும். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"வேண்டாமுங்கய்யா" என்று அத்தை சொன்னாள். சொல்லிவிட்டு மோர்ப் போசியைத் தூக்கி வந்து பானட்டுக்கு முன்னால் வைத்தாள். துண்டை முக்கிப் பம்பில் சுற்றி, டம்ளர் டம்ளராக மோரை ஊற்றினாள். சுர்ரென்று ஆவி வந்தது. கறிவேப்பிலை பம்பில் ஒட்டிக்கொண்டு வதங்கியது. மாமா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகியபோது தவளைக் கார் உறுமிக்கொண்டு எழுந்தது. மேலே போவதற்குள் இன்னும் இரண்டு தடவை நின்றது, இரண்டு தடவையும் மோர் குடித்துக் கிளம்பியது. எழுபதாவது வளைவை ஒருத்தர் தயவும் இல்லாமல் தாண்டினோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

சாலையோரத்துப் பலாமரத்தடியில் சாப்பாடு. மோர் இல்லாததால் எல்லாரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, தவளைக் காரின் தாகத்தைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். மாமாவைக் கட்டிப் பிடித்தார்கள். அப்புறம் தலைவர் நோட்டை எடுத்தார். வண்டி ஜெயித்தது ஜெயித்ததுதான், ஆனால் கேன் அம்மணியின் பொறுப்பு, சொன்ன சொல்லை மாற்ற முடியாது, வேண்டுமானால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அவருக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. அத்தை இலையை மடித்தாள்.

"நாயமுங்க" என்றாள்.

அப்போது என் கையில் பலாச்சுளை இருந்தது. நான் வாயைத் திறந்தேன், சுளையைப் போட்டுக்கொள்ள. நான்தான் ஊற்றினேன் என்று இரண்டு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வாய் பேசுகிற எனக்கு அன்றைக்கு வரவில்லையே என்று இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கோ, தப்பித்தோம் என்றுதான் இருந்தது. சாப்பிட்ட பிறகு அத்தை கால்மிதியை மட்டும் எடுத்துப்போய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயப்போட்டாள். அத்தை எப்போதுமே சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டுகிற கஷ்டம் மாமாவோடு போகட்டும், அத்தை காற்றாட உட்கார்ந்து வரலாமே, அதில் என்ன நஷ்டம் என்றும் தோன்றியது. அடுத்த வருடம் மழையில் சாலை சரிந்து மலையேற்றம் நடக்கவில்லை. அதற்கடுத்த வருடம் மாமா காரை விற்றுவிட்டார்.

வெயில் தாழ இறங்க ஆரம்பித்தோம். மாமா ஓட்டினார். அத்தை பக்கத்தில் மடியில் கட்டையோடு உட்கார்ந்திருந்தாள். நான் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவளுடைய வலது கால் காரின் வெறும் தரையை அழுத்தியது. மாமா பிரேக்கை மிதிப்பதற்கு ஒரு கணம் முந்தியே அழுத்தியது. இடது கால் மெல்ல எழுந்து இறங்கியது. வளைவு தாண்டியதும் இரண்டு காலும் தளர்ந்தன, அடுத்த வளைவு வந்ததும் மறுபடி அழுத்தின. பாவம், அத்தைக்கு இறக்கம் என்றால் பயம் என்று எனக்குப் பட்டது. அவள் தோளைத் தட்டினேன்.

"பயப்படாதீங்க அத்தை, மாமா நல்லாத்தான் ஓட்டுறாரு" என்று தைரியம் சொன்னேன்.