சித்தி பரீதா வைக்காத கையெழுத்து

பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ வாசலில் நின்றால் சித்தி பரீதா மேலே கிடக்கிற பாணைத் தொடமாட்டார். கையை உள்ளே விட்டு அடியில் கிடப்பதைத்தான் உருவுவார். "மேல கிடக்கிறது கண்ணுக்கு வெச்சது தம்பி." டாக்டர் தந்த குளிசையை மருந்துக்கடையில் நீட்டி, "இது எதுக்கு?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்பார். டாக்டர் சொன்னதையே கடைக்காரரும் சொன்னால், "ரெண்டு பேரும் கதைச்சு வெச்சிட்டானுகள்" என்பார். இப்படியொரு மனுசியை என்னதான் செய்வது!

வெள்ளைமணலில் வாப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர்தான் அவருடைய சொத்து. ஆறு வருடமாக ஒரு கம்பனி அதில் ரோட்டுக்குப் போடுகிற கிரவல் மண் வெட்டியது. வெட்டி முடிந்ததும் கிடங்காய்க் கிடக்கிற பள்ளத்தை மூடி, மேல்மண் பரப்பி, வேம்பும் புங்கையும் கஜுவும் நட்டுத் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். மரமெல்லாம் வேர் பிடித்துவிட்டது என்று காணிக்காரி கையெழுத்து வைத்தால் கம்பனி கைகழுவிவிட்டுப் போகலாம். பிறகு மரம் பட்டு, மாரியில் மண் கரைந்து பழையபடி கிடங்கானால் கேட்க நாதியில்லை.

கம்பனிக்காரர்கள் கையெழுத்துக் கேட்டு இரண்டு தடவை வந்தார்கள். இரண்டு தடவையும் பரீதா மாட்டேன் என்றுவிட்டார். "மழைக்குக் கம்பை நட்டாலும் தளிர்க்கும். இவ்வளவு பச்சை எனக்குப் பயமாக் கிடக்கு."

மூன்றாம் தடவை கம்பனி மேற்பார்வையாளர் சிவரூபன் தனியே வந்தான். ஓரத்து வரிசையில் ஒரு வேம்பைத் தானே தோண்டிக் காட்டினான். "பாருங்கோ அக்கா, வேர் எப்பிடி ஓடியிருக்கு!" மெய்தான், நாலு பக்கமும் ஓடியிருந்தது. வேறு யாராவது என்றால் மனம் குளிர்ந்திருக்கும். பரீதாவுக்குச் சந்தேகம்தான் கூடியது. கேட்காமலே ஏன் தோண்டிக் காட்டுகிறான்? விறுவிறென்று காணியின் நடுவுக்கு நடந்தார்.

"அங்க சேறு அக்கா, வழுக்கும்!"

அப்படியென்றால் கட்டாயம் போகத்தான் வேண்டும். ஒரு புங்கையைப் பிடித்து ஆட்டினார். பிடிப்பில்லாமல் ஆடியது. குந்தியிருந்து விரலால் கிளறினார். நாலு விரல் ஆழத்தில் கறுப்புப் பொலித்தீன். நாற்றுப் பையோடு அப்படியே புதைத்திருந்தார்கள். பிடுங்கிப் பார்த்தார்; வேர் பைக்கு உள்ளுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

தான் நினைத்தது சரி என்று அவருக்குச் சந்தோசம் வரவில்லை. "பையோடயா நட்டீங்க? என்ட வாப்பாட காணி தம்பி இது."

சிவரூபன் தலையைக் குனிந்தான். "ஒரு நாளில முந்நூறு நடச் சொன்னவை அக்கா. ஓரத்து வரிசை மட்டும்தான் நான் நட்டது. இண்டைக்கு நீங்கள் கையெழுத்து வைக்காட்டி என்ர வேலை போயிடும். நாளைக்கே வந்து எல்லாத்தையும் கிளப்பி மாத்தி நட்டுத் தாறன். சத்தியமா."

பொய் சொல்லவில்லை. அது பரீதாவுக்கும் தெரிந்தது. வேலை போனால் அவன் வீட்டில் என்ன பாடு என்றும் யோசிக்காமல் இல்லை.

அவன் படிவத்தையும் பேனையையும் நீட்டினான். பேனையை மட்டும் வாங்கினார். அவன் முகம் மலர்ந்தது.

பரீதா மறுபடியும் சேற்றில் குந்தி, பேனை முனையைப் பொலித்தீன் பையில் குத்தி, மேலிருந்து கீழ்வரை கிழித்தார்.