நீலக் கயிறு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாதர் விழாவை ஒன்பது வருஷம் நான்தான் நடத்தினேன். ஆட்டிப் படைத்தேன் என்று மற்றவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். சித்திரை வீதியில் ஒரு சத்திரத்துக் கூடம். வருஷத்தில் ஒரே ஒரு நாள், மதியம் மூன்று மணியிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை. ஆண்பிள்ளைகளுக்கு வாசலோடு சரி. பாட்டு, கோலப் போட்டி, கடைசியில் பின்னல் கோலாட்டம். அதற்கு முந்தின இரண்டு மாதம் எனக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து உள்ளே போவேன், எதற்குப் போனேன் என்று மறந்துபோய்த் திரும்பி வருவேன்.

பின்னல் கோலாட்டத்துக்கு விட்டத்திலிருந்து எட்டு வண்ணக் கயிறுகள் தொங்கும். எட்டுப் பேர் ஒரு கையில் கயிறும் ஒரு கையில் கோலுமாக உள்ளும் வெளியுமாகப் புகுந்து ஆட, கயிறுகள் சடையாகப் பின்னிக்கொண்டே இறங்கும். பிறகு அதே அடியைத் திருப்பி ஆடிப் பிரிக்க வேண்டும். பின்னியவளே அன்றைக்கே பிரித்துவிட வேண்டும், பாதியில் விட்டால் அவளுக்கு ஆகாது என்பது எங்கள் தெருக்களில் எல்லாருக்கும் இருந்த பயம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனாலும் அதுவரை எந்த வருஷமும் பிரிக்காமல் விட்டதில்லை.

அந்த வருஷம் நீலக் கயிறு, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு. பதினெட்டு வயசு இருக்கும். கோயிலும் காவேரிப் படித்துறையும் தவிர வேறெங்கும் அவளை அனுப்புகிற வழக்கமில்லை. ஒத்திகை எங்கள் வீட்டுக் கூடத்தில் என்பதால் அதற்கு மட்டும் விட்டார்கள். ஆடும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், நான் ஜால்ராவில் தாளத்தைத் தவறவிட்டுவிடுவேன். விழாவுக்கு அனுப்பும்படி மூன்று தடவை அவள் மாமியாரிடம் போய் நின்றேன்.

"விளக்கு வைக்கறதுக்குள்ள அவ ஆத்துல இருக்கணும். உங்க வார்த்தையை நம்பி அனுப்பறேன். நேரம் தப்பித்தோ, அதோட சரி" என்றாள் அந்த அம்மாள்.

நான் என்ன, சின்னப் பெண்ணா? பேஷாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விழாவுக்குத் தலைமை தாங்கத் திருச்சியிலிருந்து ஒரு வக்கீலின் மனைவியை அழைத்திருந்தேன். நாலு மணிக்கு வர வேண்டியவள், ஐந்து மணிக்கு மோட்டாரில் வந்து இறங்கினாள். பெண்கள் அடுப்படியை விட்டு வெளியே வர வேண்டும் என்று பேச ஆரம்பித்தவள் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. நான் ஜன்னலில் வெயில் இறங்குவதைப் பார்க்கிறேன், வாசலைப் பார்க்கிறேன், அவள் வாயைப் பார்க்கிறேன். வீட்டில் எல்லாரையும் அதட்டுகிற வாய் எனக்கு. "போதும், உட்காருங்கோ" என்று அவளிடம் சொல்ல வரவில்லை. அழைத்தது நானாயிற்றே, மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!

பேச்சு முடிந்ததும் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அப்போதாவது வீட்டுக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். "பத்து நிமிஷம்தான்" என்றேன்.

பின்னல் இடுப்பளவு இறங்கியது. இனித் திருப்பி ஆட வேண்டும். அந்தச் சமயத்தில் வாசற்படியில் அவள் மாமியார் வந்து நின்றாள். பெண்ணின் கால் நின்றுவிட்டது. கயிற்று நுனியை என் கையில் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். தப்பு என்னுடையது, பிரிக்கிற மட்டும் இருக்கட்டும், அஞ்சே நிமிஷம் என்று கெஞ்சினேன்.

"உங்க வார்த்தையைத்தான் நம்பினேன்" என்றாள் மாமியார். இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

கோபம் வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. இத்தனை வருஷம் தாளம் போட்டவளுக்கு அடி தெரியாதா என்று நீலக் கயிற்றை நானே பிடித்தேன். நாலாவது சுற்றில் உள்ளே போக வேண்டிய இடத்தில் வெளியே போனேன். எல்லாம் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டது. எட்டுப் பேர் அவிழ்க்கப் பார்த்தும் இன்னும் இறுகியது. மறுநாள் காலை அந்தக் கூடத்தில் கல்யாணக்காரர்கள் வந்து இறங்கினார்கள். விட்டத்தோடு கத்தரித்துப் பின்னலை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டிக்கு அடியில் போட்டேன்.

பிறகு இரண்டு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமியார் மோர் கொடுத்து, மழை தண்ணி பற்றிப் பேசி, வாசல் வரை வந்து வழியனுப்பினாள். பெண் கண்ணிலேயே படவில்லை. அதன்பின் எங்கள் விழாவில் கோலாட்டம் முதலில், தலைமை உரை கடைசியில். அப்படி வைத்ததற்கும் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள்.

மறு வருஷம் ஆடி மாசம், அம்மா மண்டபப் படித்துறையில் அவளைப் பார்த்தேன். ஆறு மாசம் இருக்கும் வயிறு. மாமியார் மேல்படியில் புடவை பிழிந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண் குடத்தைத் தேய்க்கிற சாக்கில் என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"மாமி, அன்னிக்குப் பின்னலைப் பிரிச்சுட்டேளா?"

"பிரிச்சாச்சே. அன்னிக்கே பிரிச்சாச்சு."

"நீலம் சிக்காம வந்துதா?"

"அழகா வந்துது."

"வயித்துல இது வந்ததுலேர்ந்து எனக்கு அதே நெனப்பு மாமி" என்று சொல்லிச் சிரித்தாள். கூடத்தில் ஆடும்போது சிரித்த அதே சிரிப்பு.

அன்று வீட்டுக்கு வந்ததும், ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் பெட்டியை நகர்த்திப் பின்னலை எடுத்தேன். கோணி ஊசியால் நெம்பி நெம்பி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஏழு கயிறும் வந்துவிட்டன. நீலத்தில் மட்டும் ஒரு முடிச்சு அவிழவே இல்லை. அது அவள் போட்டதில்லை, நான் போட்டது.