ஸ்கேனருக்குப் பிடிபடாத விரல்

போன வாரம் என் செல்போனைப் பழவேற்காடு ஏரிக்குத் தாரை வார்த்தேன்.

தானம் செய்யும் நோக்கமெல்லாம் இல்லை. படகில் உட்கார்ந்து, தூரத்தில் நின்ற பூநாரைகளைப் பின்னால் வைத்து என்னை நானே படம் எடுக்கப் போனேன். கை கொஞ்சம் வழுக்கியது. ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்!

படகுக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “ஏரில வுழுந்தது ஏரிக்குத்தான்க்கா. குந்துங்க, படகு ஆடுது” என்றார்.

அன்று காலையில்தான் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருந்தேன். வாசலிலேயே இரண்டு கல் எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. உள்ளே பெரிய பெரிய கல் பலகைகள்; அவற்றில் பெயர், ஊர், குடும்பச் சின்னம் எல்லாம் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். இத்தனை காலம் ஆகியும் எழுத்து அழியவில்லை. செத்த பிறகும் ‘நான் இன்னார்’ என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நானோ உயிரோடு இருக்கிறேன், போன் போன பத்தாவது நிமிடத்தில் நான் யாருமில்லை. பணம் கட்ட முடியவில்லை, வீட்டுக்காரரைக் கூப்பிட முடியவில்லை. அவர் நம்பர் எனக்கு மனப்பாடமா என்று கேட்காதீர்கள்... கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது, மானம் போய்விடும்.

பஜாரில் காதர் பாயின் மொபைல் கடைக்கு வழி சொன்னார்கள். சிம் கார்டு, ரீசார்ஜ், ஆதார் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் அங்கேதான். புது சிம்முக்கு விரலை வைக்கச் சொன்னார். தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனர், அதன் கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம். நான் வைத்தேன். ‘டிங்!’

“மேடம் வெரலு பட்டுனு புடிச்சிக்கிச்சு” என்றார் பாய்.

எனக்கு உடனே ஒரு பெருமை. என்னவோ பரீட்சையில் முதல் ராங்க் வாங்கின மாதிரி. பாத்திரம் தேய்ப்பதற்கும் ஆள் வைத்திருக்கும் விரலுக்கு ரேகை இல்லாமல் எங்கே போகும்?

எனக்கு அடுத்துப் புது சிம்முக்கு வந்தவர் கன்னியம்மா. ஐம்பது வயதிருக்கும். ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர். கழுத்தளவு தண்ணீரில், பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, அடிச்சேற்றை இரண்டு கையாலும் துழாவிக்கொண்டே நகர்வார்கள். கூடவே அவருடைய தோழி லட்சுமி. அதே தொழில், ஆனால் அன்றைக்கு வேடிக்கை பார்ப்பதற்கென்றே வந்திருந்தார்.

கன்னியம்மா விரலை வைத்தார். ஸ்கேனர் ‘ட்டூ...’ என்று உதட்டைப் பிதுக்கியது. அடுத்த விரல். ‘ட்டூ...’ அதற்கடுத்தது. ‘ட்டூ...’

பாய் ஸ்கேனர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். விரலை முந்தானையில் துடைக்கச் சொன்னார். நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கோடு வைக்கச் சொன்னார். பத்து விரலும் ஒரு சுற்று வந்தன. மெஷின் மசியவில்லை.

“பேசாம வேற யார் பேர்லயாவது வாங்கிக்கோ கன்னிம்மா. வூட்டுக்காரரு பேர்ல வாங்கு, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்.”

“வேணாம் பாய். எம்பேர்லதான் வோணும்.”

குரலை உயர்த்தவில்லை. ஆனால் பாய் அந்த யோசனையை அதோடு விட்டுவிட்டார்.

நான்தான் சும்மா இருக்க மாட்டேனே... ஏன் என்று கேட்டேன். வீட்டில் ஒரே ஒரு போன்தான். அதை அவர் கணவர் காட்டுப்பள்ளி துறைமுக வேலைக்குக் காலையிலேயே கொண்டுபோய்விடுவார். முன்பு ஒருமுறை கொழுந்தன் பேரில் தனியாக ஒரு சிம் வாங்கினார்கள். வேலித் தகராறு வந்தது, கொழுந்தன் நேராகப் போய் அந்த நம்பரை நிறுத்திவிட்டார். சரியாக அந்தச் சமயத்தில்தான் சூளூர்ப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு முதல் பிரசவ வலி.

“அம்மா அம்மான்னு கத்தினாளாம்மா. நானு இங்க தண்ணில நிக்கிறேன். யாரு வந்து சொல்லுவா? பொயுதோட வூட்டுக்கு வந்தா, நைனாவும் பொண்ணும் போன்ல பேசினுகீறாங்கோ, புள்ள பொறந்து பால் குடிச்சு தூங்கிடிச்சுன்னு. மொதல்ல தூக்கினது சம்மந்தியம்மாவாம்.” கன்னியம்மா மூக்கை உறிஞ்சினார். “இப்ப ரெண்டாவது. இந்த மாசந்தான். இந்த தபா எனக்கே போன் வரணும். எவனும் நிறுத்தக் கூடாது.”

என் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பத்திரிகைக்கு எழுத வேண்டிய இந்தப் பத்தியும் மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. ‘உழைப்பு தின்ற ரேகைகள்’ என்று தலைப்புகூட ரெடி. டச்சுக்காரனின் பெயர் கல்லில் நிற்கிறது, ஏரியில் உழைப்பவளின் பெயர் விரலில்கூட நிற்கவில்லை... ஆஹா! பாயைப் பிடித்து, சேறும் உப்பும் ரேகையை எப்படித் தேய்க்கின்றன என்று ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மேஜைக்கு அடியிலிருந்து வேறு ஒரு பெட்டியை எடுத்தார்.

கண்ணைப் படம் பிடிக்கும் கருவி அது. பைனாகுலர் மாதிரி இரண்டு குழல். கருவிழியைப் படமெடுத்து ஆளைச் சொல்லுமாம். கட்டைவிரலை மையில் உருட்டிய காலத்திலிருந்து, நீ நீதானா என்று கேட்க மனுஷன்தான் எத்தனை கருவி கண்டுபிடித்திருக்கிறான்!

“கன்னிம்மா, இத மூஞ்சி கிட்ட வெச்சி உள்ள பாரு.”

கன்னியம்மா குனிந்தார். கருவி முகத்தருகே வந்ததும் ‘ஹுப்’ என்று மூச்சை இழுத்தார், வாயை இறுக மூடினார், கண்ணையும் மூடிவிட்டார்.

“கண்ண தொறமா!”

“தொறந்துதான் கீறேன்.”

மறுபடி குனிந்தார். மறுபடி மூச்சு, மறுபடி மூடல். எனக்குப் புரியவில்லை. லட்சுமிக்குப் புரிந்துவிட்டது. பின்னால் சிரிப்பு வெடித்தது.

“முயுகறா பாய்! தண்ணின்னு நெனச்சிக்கினு முயுகறா!”

நிஜம்தான். முகத்தைக் குனிந்தால் அடுத்தது தண்ணீர் என்பது அந்த உடம்புக்குப் பழகிய கணக்கு. மனசு ‘இது கடை’ என்று சொன்னாலும் கண் கேட்கவில்லை. கன்னியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கண்ணில் தண்ணீரும் நின்றது. கண் கருவியும் கைவிட்டது. பாய் அதை மூடி உள்ளே வைத்தார்.

“இன்னாம்மா பண்றது? இன்னொரு தபா வெரலையே பாப்போம். நல்லா அமுக்கி வை.”

கன்னியம்மா வைத்தார். இந்த முறை லட்சுமி கிட்டே வந்து, ஸ்கேனரோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஏய்... நீ எங்கடி அமுக்கற? தடவற!”

நானும் அப்போதுதான் பார்த்தேன். அந்த விரல் கண்ணாடியில் உட்காரவே இல்லை. பட்டும் படாமலும் நின்றது, பக்கத்து விரல்கள் மெதுவாக வளைந்து ஸ்கேனரைச் சுற்றி அணை கட்டின. இறாலை அப்படித்தான் பிடிக்க வேண்டுமாம். கையில் பட்டதும் அழுத்தினால் துள்ளி ஓடிவிடும். விஷயம் தெரியாத மாதிரி சும்மா தொட்டுக்கொண்டே இருந்து, நாலு பக்கமும் வளைத்துவிட்டு, அப்புறம் அள்ள வேண்டும். பாய் ‘அமுக்கு அமுக்கு’ என்று கத்தக் கத்த, அந்த விரல் ‘ஐயோ, ஓடிடும்’ என்று இன்னும் மெத்தென்று ஆகியிருக்கிறது.

“இறால வுடுடி. நண்டுன்னு நெனச்சிக்கோ” என்றார் லட்சுமி.

நண்டு வேறு கதை. சேற்றோடு சேர்த்து ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். கொஞ்சம் இடம் கொடுத்தால் கொடுக்கு விரலைப் பதம் பார்த்துவிடும்.

கன்னியம்மா கண்ணாடியை முறைத்தார். விரல் இறங்கியது. மேஜையே ஒருமுறை ஆடியது.

‘டிங்!’

பாய் “யா அல்லா, மெஷின ஒடச்சிடாத” என்று ஸ்கேனரைக் கையில் எடுத்துப் பார்த்தார். லட்சுமி கை தட்டினார். என் தலைப்பு செத்தது! ரேகை அங்கேயேதான் இருந்திருக்கிறது. வேலையில் ரேகை தேய்ந்து அல்லாடுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கன்னியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நான் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டேன்.

யோசித்தால், இந்தக் கருவிகளைக் கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் நம்மைப் போன்றவர்கள். காலிங் பெல், லிஃப்ட் பட்டன், டிவி ரிமோட்... காலையிலிருந்து இரவு வரை எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கிறோம். மெதுவாகத் தொட்டால்தான் வேலை நடக்கும் என்று பழகிய ஒரு விரல் உலகத்தில் இருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

கன்னியம்மா ஒரு சின்ன பட்டன் போனை வாங்கிக்கொண்டார். “தண்ணில நிக்கசொல்ல இத எங்கடி வெப்ப?” என்று லட்சுமி கேட்டார். “கவர்ல சுத்தி கொண்டையில” என்று பட்டென்று பதில் வந்தது. குழந்தை பிறந்தால் எனக்கும் சொல்லுங்கள் என்றேன். பாய் என் நம்பரை அதில் போட்டுக் கொடுத்தார்.

நேற்று மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. லோன் வேண்டுமா என்று கேட்பார்கள் என நினைத்து எரிச்சலோடு எடுத்தேன்.

“யம்மா, நாந்தான் கன்னியம்மா. எம்பேர்ல கீற நம்பர்லேர்ந்து பேசறேன்.”

விடியற்காலையில் தண்ணீரில் நிற்கும்போதே கொண்டை கிணுகிணுத்ததாம். பறியை லட்சுமியிடம் வீசிவிட்டு, ஈரப் புடவையோடு சூளூர்ப்பேட்டை பஸ் ஏறிவிட்டார். மகள் கத்தினபோது கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். பேத்தி! முதலில் தூக்கியதும் அவர்தான். வெளியூர் போயிருந்த சம்பந்தியம்மா அப்போதுதான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாராம்... அதைச் சொல்லும்போது அந்தக் குரலில் இருந்த குஷியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெம்பில்லை.

“ஆஸ்பத்திரில கொயந்த காலுல மை தடவி பேப்பர்ல பதிக்கிறாங்கோ, அடையாளத்துக்காம். அந்த நர்ஸம்மா புடிச்சி ஒரே அமுக்கு. புள்ள வீல்னு கத்திக்கினு கால இயுத்துக்கிச்சி, பேப்பரெல்லாம் மை. ரெண்டு பேப்பரு பாழு.”

“அய்யோ, அப்புறம்?”

“நகருங்கம்மா, இது நண்டு இல்ல, இறாலுன்னு சொல்லிட்டு நானே புடிச்சேன்.”

முதல் தடவையிலேயே அஞ்சு விரலும் அச்சாகப் பதிந்துவிட்டதாம்.