உடைந்த ஏழு கண்ணாடிகள்

செவ்வாய்க்கிழமை காலை கீழ்வீட்டுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு மேலே வந்த அம்மா, "நம்ம மங்கை செத்துப்போயிட்டாளாம்டி" என்று சொல்லிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராணிகஞ்ச் பக்கத்தில் மலேரியா. மூன்று நாள் காய்ச்சல்.

கல்கத்தாவில், டாக்குரியாவில், எங்கள் மாடி அறையில்தான் மங்கை அக்கா குடியிருந்தார். நிலவியல் படிக்கத் திருச்சியிலிருந்து வந்தவர். கட்டிலுக்கு அடியெல்லாம் பாறைத் துண்டுகள். "கல்லுக்கும் வாடகை வாங்கணும்" என்பாள் அம்மா.

படிப்புக்காக ராணிகஞ்ச் பக்கத்தில் ஒரு நிலக்கரிக் கிராமத்துக்குப் போனவர், வேறு ஆளாகத் திரும்பினார். "கீழ இருக்கறதைத்தான் படிச்சேன். மேல ஆள் இருக்காங்கன்னு யாரும் சொல்லித்தரலை" என்றார். சுரங்கம் தோண்டித் தோண்டி அங்கே நிலம் உள்ளே வெறுமையாகியிருந்தது. வீட்டுச் சுவர்கள் வெடித்திருந்தன. நிலம் இன்னும் இறங்குகிறது என்று காட்டினால் மாற்று வீடு தருவதாகச் சுரங்க அதிகாரி சொல்லியிருந்தார். அக்கா கல்லூரி ஆய்வகத்தின் மெல்லிய கண்ணாடித் தகடுகளை வெடிப்புகளின் குறுக்கே ஒட்டினார். வெடிப்பு சற்று விரிந்தாலும் கண்ணாடி உடையும்.

அவருக்கு வங்காளம் பேச வரும், எழுத வராது. நான் ஒன்பதாவதோடு நின்றவள், ஆனால் வங்காளக் கையெழுத்து நன்றாக இருக்கும். தேதியும் வீட்டு எண்ணும் எழுதிய சீட்டுகளைக் கண்ணாடிகளின்மேல் ஒட்டினேன். யாரிடமும் பேச மாட்டேன். "உன் எழுத்துக்கு இருக்கற தைரியம் உனக்கு இல்லையேடி" என்று கேலி செய்வார்.

லட்சுமி பூஜைக்கு மறுநாள் போனோம். பூஜைக்காகச் சுவர்களைப் புதிதாக மண் பூசி மெழுகி, அரிசிமாவில் கோலம் போட்டிருந்தார்கள். ஒரு கண்ணாடிகூட இல்லை. மூன்றாவது வீட்டு சந்தியா பௌதி, அதாவது சந்தியா அண்ணி, அக்காவிடம் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். கண்ணாடிகளைக் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தார்.

"உன் சாமான் தீதி, பத்திரமா எடுத்து வெச்சேன். உடைஞ்ச நாலை மட்டும் குளத்துல போட்டுட்டேன். பிள்ளைங்க கால்ல குத்தும்ல."

அந்த நாலுதான் எங்களுக்கு வேண்டியிருந்தன.

அக்கா கோபப்படவில்லை. திரும்பும் ரயிலில், "ஆம்பளைங்களைக் கூட்டி வெச்சு விளக்கினோமே, சுவரை மெழுகறது யாரு?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் கனிமம் தேடும் வேலை வந்தும் அவர் போகவில்லை. அந்தக் கிராமத்திலேயே தங்கி, பெண்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினார். புதிய சீட்டுகளையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷ பூஜைக்கு அவர்கள் கண்ணாடிகளை விட்டுச் சுற்றிலும் மெழுகினார்கள்.

நேற்று சந்தியா பௌதி நான் எப்போதோ எழுதிக் கொடுத்த விலாசத்தை வைத்து எங்கள் வீட்டைத் தேடி வந்தார். புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். ஏழு கண்ணாடிகள், ஏழும் உடைந்தவை. என் எழுத்து அவற்றில் அப்படியே இருந்தது.

"தீதி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு உடைஞ்சது. இனிமே யாருகிட்ட குடுக்கறது?"

நான் கையை நீட்டினேன். பௌதி சாயங்கால ரயிலில் அதே வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

மங்கை அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை இந்த ஏழுதான். திங்கட்கிழமை இவற்றைச் சுரங்க அதிகாரியின் மேசையில் வைத்து, இவை என்னவென்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.