வீரம்மாள் வீட்டில் இரண்டு பந்தி

பங்குனி பாதி தாண்டியதும் வீரம்மாளுக்கு இருப்புக் கொள்ளாது. பதினாறாம் பிளாக்கில் மூத்த மகன் கருணாகரனின் குவார்ட்டர்ஸ். பின்வாசலில் முறம் நிறைய வேப்பம்பூ காயும். மேலே வெள்ளைத் துணி போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்திருப்பாள். காற்றும் இல்லை, காக்கையும் இல்லை என்று தெரிந்தும் கால்மணிக்கு ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வெல்லம் வாங்கியாச்சா என்று மருமகள் பெரியநாயகியிடம் கேட்பாள். வாங்கி டப்பாவில் போட்டதே வீரம்மாள்தான்.

அவள் பிறந்தது கம்மாபுரத்துக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். சித்திரை ஒன்றாம் தேதி நல்லேர் பூட்டுவார்கள். நிலக்காரர் வயலில் முதல் ஏர் ஓடி முடிந்ததும் வேலையாட்களுக்கு அவர் வீட்டுக் கொல்லையில் சோறு விழும். அங்கே வரிசையில் நின்று வாங்கித் தின்றதுதான் அவளுக்குத் தெரிந்த வருசப்பிறப்பு. அந்த நாளுக்கென்று சொந்த அடுப்பில் எதுவும் ஏறியதில்லை.

பதினெட்டு வயதில் கலியனைக் கட்டிக்கொண்டு நெய்வேலிக்கு வந்தாள். கலியனுக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை. குவார்ட்டர்ஸில் சமைக்கவென்று தனி அறை, திருகினால் தண்ணீர் கொட்டும் குழாய். வந்த வருசம் சித்திரைக்கு என்ன சமைப்பது என்று தெரியாமல் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தாள். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். போளி தட்டச் சேலத்துக்காரி ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவைச் சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது, நெய்யில் வறுத்துக் கடைசியில்தான் தூவ வேண்டும் என்று தஞ்சாவூர்க்காரி ஒருத்தி திட்டித் திட்டிச் சொன்னாள். ஐந்தாறு வருசத்தில் இவற்றையெல்லாம் அவர்களைவிட நன்றாகச் செய்தாள் வீரம்மாள்.

பச்சை முந்திரிக் குழம்பு மட்டும் அவளே கண்டுபிடித்துக்கொண்டது. சித்திரைக்கு முன்னால் இந்தப் பக்கத்துத் தோப்புகளில் முந்திரிக்கொட்டை இன்னும் பச்சையாகத் தொங்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு ஒவ்வொரு கொட்டையாக அரிவாள்மனையில் பிளப்பாள். எவ்வளவு சாம்பல் பூசினாலும் அந்தப் பால் விரலைப் பொசுக்கிவிடும். பருப்பை வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து, முருங்கைக்காயும் மாங்காயும் சேர்த்து, தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிடுவாள். வாயில் போட்டால் பருப்பு பல்லுக்கு வேலை வைக்காது. கலியன் ஒருதரம் அதைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு தட்டு சோறு கேட்டார். அதற்கப்புறம் அது இல்லாமல் சித்திரை பிறந்ததில்லை. மே மாதம் முடியும்வரை வீரம்மாளின் விரல் நுனியில் தோல் உரிந்துகொண்டே இருக்கும்.

கலியன் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். இரண்டாயிரத்து ஆறில், நெஞ்சுவலியில். வேலையில் இருந்து இறந்தவர் வீட்டில் ஒருவருக்கு வேலை உண்டு என்றார்கள். யாருக்கென்று வீரம்மாள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவன் கருணாகரன் கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு, லாரி ஷெட்டில் நாள்கூலிக்கு நின்றுகொண்டிருந்தான். இளையவன் இளவழகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து மூன்று வருசமாக அந்த வேலைக்கென்றே காத்திருந்தவன்போல வீட்டில் இருந்தான். அவள் இளையவனிடம் கேட்டாள். உன் இஷ்டம்மா என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். சம்மதம் இல்லை என்று அப்போதே அவளுக்குத் தெரியும். கைக்குழந்தையைப் பார்த்தாள், மூத்தவன் பேரை எழுதினாள்.

கருணாகரன் பர்மனென்ட் ஆகி, கரி போகும் பெல்ட்டை ஓட்டும் வேலையில் சேர்ந்தான். இளவழகன் அதே மைன்ஸில் கான்ட்ராக்டில் போய்ச் சேர்ந்தான். பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை அடியில் குனிந்து வாருகிற வேலை. இரண்டு வருசம் ஒரே வீட்டில் ஓடியது. இரண்டாயிரத்து எட்டு சித்திரை அன்று, எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, மேஸ்திரியிடம் எதிர்த்துப் பேசாதே, பணிந்து போனால்தான் நிரந்தரம் ஆவாய் என்று அண்ணன் தம்பிக்குப் புத்தி சொன்னான்.

"அப்பாவோட எடத்துல குந்திகினு எனக்கு வேலை சொல்லித் தராத" என்றான் இளவழகன்.

கருணாகரன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். அந்த மாதமே இளவழகன் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டான். கல்யாணமும் பண்ணிக்கொண்டான், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அண்ணனும் தம்பியும் பேசுவதை விட்டார்கள். நல்லது கெட்டதுக்குப் பெண்கள் வழியாகத்தான் சேதி போய்வரும்.

வருசப்பிறப்புக்கு மட்டும் இருவருமே வீரம்மாளின் சாப்பாட்டை விடவில்லை. ஆனால் சேர்ந்து சாப்பிட முடியாமல் ஷிப்டு கெடுத்தது. இளவழகன் மனைவி குழந்தையோடு பத்து மணிக்கு வந்து, பதினொன்றரைக்குச் சாப்பிட்டு, இரண்டாம் ஷிப்டுக்கு ஓடுவான். கருணாகரன் அன்று முதல் ஷிப்டு. காலை ஐந்துக்குக் கிளம்பினால் இரண்டரைக்குத்தான் வருவான். ஆகவே வீரம்மாள் வீட்டில் இரண்டு பந்தி. முதல் பந்தி முடிந்ததும் இலையை எடுத்து, இடத்தைத் துடைத்து, குழம்பை மறுபடி சுடவைத்து, போளியை மறுபடி கல்லில் போட்டு எடுத்து, வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பாள். பாழாப்போன ஷிப்டு என்று பிளாக் முழுக்கக் கேட்கும்படி திட்டுவாள். ஆறேழு வருசம் அப்படித்தான் திட்டினாள்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில், சித்திரைக்கு ஒரு வாரம் முன்னால், அடுத்த வீட்டு சாஜிதா பின்வாசலுக்கு வந்து முந்திரி பிளக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கணவன் சமியுல்லாவும் கருணாகரனும் ஒரே செக்‌ஷன். வீரம்மாள் வழக்கம்போல ஷிப்டைத் திட்டினாள். சாஜிதா மனசில் ஒன்றும் வைத்துப் பேசாதவள். கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

"உங்க புள்ளதானே கேட்டு வாங்கிக்கிறாரு? வருசா வருசம் இந்த நாளுக்கு எங்க வூட்டுக்காரருகிட்டதான் ட்யூட்டி மாத்திக்கினு போறாரு. இந்த வருசமும் சொல்லி வச்சிட்டாரு."

வீரம்மாள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தாள். சாஜிதாவுக்கு அப்போதுதான் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று பட்டது. அவள் போனதும் வீரம்மாள் பெரியநாயகியைக் கூப்பிட்டுக் கேட்டாள். பெரியநாயகி மறைக்கவில்லை. அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். இளவழகனும் மேஸ்திரியிடம் சொல்லி அன்றைக்கு இரண்டாம் ஷிப்டுதான் வாங்குகிறான் என்பதும் தெரியும், அவன் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

"அன்னிக்கி ஒரு நாளாச்சும் சண்டை இல்லாம சாப்பாடு நடக்கட்டும்னுதான் நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கல அத்தை" என்றாள்.

அந்த ஒரு வாரம் வீரம்மாளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பருப்பை வேகவைத்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்தாள். அரைத்த தேங்காயையே மறுபடி அரைக்கப் போனாள். ஷிப்டைத் திட்டுவதாவது அவளுக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. இனி யாரைத் திட்டுவது? பேசி வைத்துக்கொள்ளாமலேயே இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். அவள் வயிற்றில் பிறந்த பிள்ளைகள், ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் விழிக்காமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு. கடைசியில் அது அவள் போட்ட கையெழுத்தில் போய் நின்றது. இந்த நினைப்பு வந்ததும் எழுந்து வாசல்வரை போவாள். போன காரியம் தெரியாமல் திரும்புவாள்.

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் சாஜிதாவிடம் போய், மைன்ஸ் கேட்டில் ஆட்கள் உள்ளே போகிற, வெளியே வருகிற நேரத்தைத் துருவித் துருவிக் கேட்டாள். பர்மனென்ட் ஆட்கள் இரண்டு மணிக்கு வெளியே வருவார்கள். கான்ட்ராக்ட் ஆட்களை மேஸ்திரி தலை எண்ணி உள்ளே அனுப்ப இரண்டேகால் ஆகும். நடுவில் கால்மணி நேரம். இளவழகனுக்குப் போன் போட்டு, நீ வீட்டுக்கு வராதே, சோறு கேட்டுக்கு வரும் என்று மட்டும் சொன்னாள். அவன் ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். கருணாகரனிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் இளவழகனின் மனைவியும் மகளும் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார்கள். அவர்களைப் பெரியநாயகியோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லிவிட்டு, அடுக்குத் தூக்கில் குழம்பும் சோறும் பச்சடியும் போளியும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கிளம்பினாள். ஒன்றேகாலுக்கெல்லாம் கேட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றாள். வெயில் தார்ரோட்டில் கொதித்தது. தூக்கைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். சாமி கும்பிட எடுத்துப்போகிறாயா பாட்டி என்று காவலுக்கு நின்றவர் கேட்டார்.

ஒன்றரைக்கு இளவழகன் வந்தான். ஷிப்டு பற்றி அண்ணி எதுவும் சொன்னார்களா என்று கேட்டான். இல்லை என்றாள். உட்கார் என்றாள். உட்கார்ந்தான். தூக்கைத் திறக்காமல் அவள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமாகிறது அம்மா என்றான். இரு என்றாள். அப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்தான். வீரம்மாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கூட வேலை செய்கிறவர்கள் பார்த்தார்கள். அவன் மறுபடி உட்கார்ந்தான்.

இரண்டு அடித்ததும் வண்டிகள் வரிசையாக வெளியே வந்தன. கருணாகரன் அம்மாவைப் பார்த்தான், பக்கத்தில் தம்பியைப் பார்த்தான். வண்டி மெதுவாகி, அவர்களைத் தாண்டி, பத்தடி போய் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. போய்விடுவான் என்று வீரம்மாளுக்குத் தோன்றியது. வெயிலில் நடந்துபோய் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"கையெழுத்து போட்டவ நான்தாண்டா. யார் பேர எழுதறதுன்னு ரோசிச்சது நானு. கோவம் இருந்தா ரெண்டு பேரும் எங்கிட்ட காட்டுங்க. நான் உசுரோடதான இருக்கறன்."

கருணாகரன் சுற்றிலும் பார்த்தான். செக்‌ஷன் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எஞ்சினை அணைத்தான்.

தட்டு எடுத்துவர மறந்திருந்தாள். மூத்தவனுக்குத் தூக்கின் மூடியிலும், இளையவனுக்கு ஒரு கிண்ணத்திலும் போட்டாள். இருவரும் மரத்தின் வேரில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தின்றார்கள். கருணாகரன் பாதியில் நிறுத்தி, உப்பு கம்மி என்றான். அவளிடம்தான் சொன்னான். இளவழகன் தலையை ஆட்டினான். ஒரு வாரமாக அவள் மனசு இருந்த இருப்பில் உப்பு எப்படிச் சரியாக விழும்? பரவாயில்லை, தின்னுங்க என்றாள். அவள் இரண்டு பேரின் கையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேஸ்திரி குரல் கொடுத்தார். இளவழகன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். அவன் நடக்கும்போது கருணாகரன் காலைப் பார்த்தான்.

"அந்த பூட்ஸோட பெல்ட்டுகிட்ட நிக்காத. அடி தேஞ்சிகினு கீது."

"புதுசு குடுத்தாதான போட்டுக்க" என்றான் இளவழகன், திரும்பாமல்.

ஏழு வருசத்துக்கு அப்புறம் இருவருக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அன்று இரவு கருணாகரன் அம்மாவோடு பேசவில்லை. கேட்டில் வைத்து மானத்தை வாங்கிவிட்டாள் என்று பெரியநாயகியிடம் சொன்னானாம். பத்து நாள் கழித்து, ஒரு ஜோடி பூட்ஸை சமியுல்லா கையில் கொடுத்துத் தம்பிக்கு அனுப்பினான். இளவழகன் வாங்கி வைத்துக்கொண்டான், போடவில்லை. ஆடி மாதம் மழையில் பழசு வாயைப் பிளந்த பிறகுதான் போட்டான். இதை வீரம்மாள் மருமகள்கள் வழியாகத் தெரிந்துகொண்டாள். ஆடிவரைக்கும் மந்தாரக்குப்பத்துக்குப் போன் போட்ட போதெல்லாம், அவன் காலில் என்ன போட்டிருக்கிறான் என்று சுற்றிவளைத்துக் கேட்டபடி இருந்தாள்.

அடுத்த சித்திரைக்குக் கருணாகரன் சமியுல்லாவிடம் ட்யூட்டி மாற்றக் கேட்கவில்லை. லீவு போட்டான். ஏன் போட்டான் என்று யாரும் கேட்கவில்லை. இளவழகனுக்கு இரண்டாம் ஷிப்டு. பதினொன்றரைக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இலை போட வேண்டியதாயிற்று. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பேத்திகள் இரண்டு பேரையும் உட்காரவைத்தாள். மூத்தவள், கருணாகரன் மகள் இசைப்பிரியா, ஐந்தாவது போகிறவள், சின்னவளுக்கு இலையில் சோறு பிசையக் காட்டிக்கொடுத்தாள்.

இத்தனை வருசம் ஆசைப்பட்டது நடந்தும் வீரம்மாளால் அந்தக் கூடத்தில் நிற்க முடியவில்லை. இன்னும் வேலை நிரந்தரம் ஆகாதவன் ஒருபக்கம், ஆனவன் ஒருபக்கம். யாராவது ஒரு வார்த்தை விட்டால் போதும். மேஸ்திரி என்று யாரோ ஆரம்பித்ததும், போளிக்கு நெய் வேண்டுமா என்று சம்பந்தமில்லாமல் கேட்டாள். குழம்பைப் பரிமாறிவிட்டு அடுப்படிக்குப் போனாள். போன வேகத்தில் பச்சடியோடு திரும்பினாள். நீயும் உட்காரம்மா என்று இளவழகன் சொன்னபோது, பால் பொங்குது என்று சொல்லி உள்ளே ஓடினாள். அடுப்பில் பால் இல்லை. அங்கேயே நின்று கையில் இருந்த போளியைப் பிட்டுத் தின்றாள். கூடத்தில் பேச்சுச் சத்தம் குறைந்தால் எட்டிப் பார்த்தாள். கூடினாலும் எட்டிப் பார்த்தாள்.