முதலில் டிரைவர், பிறகு கேபிள்

மலைக்காட்டு எல்லைகளை அளக்கிற அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஒயர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலதிகாரிகூட அப்படித்தான். வரைபட அறையில் அவள் மேசைக்கு ஆழமான ஒரு இழுப்பறை உண்டு. உலகத்தில் எவனெவனோ செய்து விற்ற கேபிள்களெல்லாம் வகைக்கு ஒன்றாக அதில் சுருண்டு கிடக்கும். யார் எதைத் தூக்கிப் போட்டாலும் பொறுக்கித் துடைத்து, ரப்பர் பேண்டு போட்டு உள்ளே வைத்துவிடுவாள்.

"பாம்புப் பண்ணை வச்சிருக்க. கைய விடும்போது பாத்துக்கோக்கா, ஏதாச்சும் ஒண்ணு கொத்திடப் போகுது" என்பான் அவள் தம்பி.

தம்பிக்கும் அதே அலுவலகம்தான். கையில் அடங்குகிற ஜி.பி.எஸ். கருவியோடு மலையேறி எல்லையோரமாக நடப்பது அவன் வேலை. அவன் திரும்பி வந்ததும் கருவியைக் கம்ப்யூட்டரில் மாட்டி, நடந்த பாதையை இறக்கி, வரைபடமாக்குவது அவள் வேலை. "நான் நடந்து தேயறேன், நீ உக்காந்து கோடு போடற" என்று சாப்பாட்டு நேரத்தில் வம்புக்கு இழுப்பான். அவளும் விடமாட்டாள். "நேரா நடந்திருந்தா கோடு நேரா வரும்டா. நீ பட்டாம்பூச்சி பிடிக்கப் போனது எனக்கு இங்கயே தெரியுது."

அந்தக் கருவி கம்ப்யூட்டரோடு பேசுகிற விதமே தனி. பென்டிரைவைச் சொருகினால் 'நான் ஒரு பெட்டி, திறந்து பார்' என்று தானே அறிமுகம் செய்துகொள்ளும். எந்தக் கம்ப்யூட்டருக்கும் அது புரியும். இது பெட்டி இல்லை. யூ.எஸ்.பி. எல்லாம் வருவதற்கு முந்தைய காலத்துப் பிறவி. வால் மட்டும்தான் புதுசு, உள்ளே பேசுகிற பாஷை பழசு. எழுத்தெழுத்தாக அனுப்பிக்கொண்டே இருக்கும்: இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன். அதைக் கேட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிக்குத்தான் டிரைவர் என்று பெயர். துபாஷி வந்து உட்காருவதற்கு முன் கேபிளைச் சொருகினால் கம்ப்யூட்டர் சும்மா இருக்காது. தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றாக அதை நினைத்துக்கொள்ளும். நினைத்தது நினைத்ததுதான், லேசில் மாற்றிக்கொள்ளாது. சில மேலதிகாரிகள் அப்படித்தானே!

அதனால்தான் அவள் மேசைக்கு மேலே சுவரில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தாள்: 'முதலில் டிரைவர், பிறகு கேபிள்.' இதை மீறியவர்களை அவள் ஒரு பிடி பிடிக்காமல் விட்டதே இல்லை.

முந்தாநாள் காலையில் மலையேறிய தம்பி சாயங்காலம் திரும்பவில்லை. நேற்று முழுக்கப் பனிமூட்டம். தேடப் போனவர்கள் தங்கள் கையே தெரியாமல் திரும்பினார்கள். இன்று மதியம் காவலர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கி, ஈரத் துணியில் சுற்றிய ஒன்றை அவள் மேசைமேல் வைத்தார். தம்பியின் கருவி. திரை சுக்குநூறாக உடைந்திருந்தது. பச்சை விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"ஓடைக் கரையில கிடந்துச்சு. ஆள் அங்க இல்ல. தண்ணி போற பக்கமே கீழ இறங்கியிருப்பாருன்னு எல்லாரும் கீழதான் தேடறாங்க. இதுல அவர் போன வழி இருக்கும்னு சொன்னாங்களே?"

"இருக்கும்" என்றாள்.

தம்பி மனைவி வாசற்படியில் நின்றாள். நேற்றிலிருந்து மாற்றாத புடவை. உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. "அண்ணி, சீக்கிரம் பாருங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

ஒயர் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இழுப்பறையில் கைவிட்டதும் அந்தக் கேபிள் வந்தது. ஒரு முனையைக் கருவியில் மாட்டினாள், மறுமுனையைப் போன வாரம் வந்திறங்கிய புதுக் கம்ப்யூட்டரில் சொருகினாள்.

திரையில் அம்புக்குறி துள்ளியது. மௌஸை யாரும் தொடவில்லை. அது இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பாய்ந்தது. எதையோ திறந்தது, எதையோ மூடியது. பெயர் தெரியாத பட்டியல்கள் விரிந்து மறைந்தன.

"வைரஸா மேடம்?" என்றார் காவலர்.

அவள் கேபிளைப் பிடுங்கினாள். ஆட்டம் நின்றது. மறுபடி சொருகினாள். மறுபடி பேயாட்டம். அப்புறம்தான் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள். அவள் கையெழுத்து. சிவப்பு மை.

புதுக் கம்ப்யூட்டரில் துபாஷி இல்லை. கருவி அனுப்புகிற எழுத்துகளை அது மௌஸின் அசைவு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அத்தனை பேரை இதற்காகத் திட்டியவள், தம்பியின் உயிர் மேசைமேல் கிடக்கிற இந்த நாளில் அதே தப்பைச் செய்திருந்தாள். வெட்கப்படக்கூட நேரமில்லை.

டிரைவர் இருந்த சி.டி. வட்டத்தகடு இழுப்பறையிலேயே கிடைத்தது. புதுக் கம்ப்யூட்டரில் தகடு போடும் இடமே இல்லை. இனிமேல் யாரும் தகடு போடமாட்டார்கள் என்று எந்த அறிவாளியோ முடிவு பண்ணியிருக்கிறான். கருவி செய்தவர்களின் இணையதளத்துக்குப் போனாள். இந்த மாடலுக்கு உதவி நிறுத்தப்பட்டுவிட்டது, புது மாடலைப் பாருங்கள் என்றது அது. வேறு எங்கோ ஒரு நல்ல மனிதன் பழைய டிரைவரைப் போட்டு வைத்திருந்தான். அதை இறக்கினாள். நம்பகமானதல்ல என்று சொல்லி அதைக் கம்ப்யூட்டர் சேர்க்க மறுத்தது. இன்னொரு தடவை முயன்றாள். மறுபடி மறுத்தது. மேசையில் ஓங்கி அறைந்தாள்.

"சனியனே, என் தம்பிடா! கொஞ்சம் நம்பித் தொலையேன்!"

காவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போய்விட்டால் தேடுபவர்கள் இறங்கிவிடுவார்கள் என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கருவி 'பீப்' என்றது. பேட்டரி தீரப்போகிற சத்தம்.

"பழைய கம்ப்யூட்டர் எங்க அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

ஒயர் அக்கா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு ஓடினாள். ஸ்டோர் ரூமில், கால் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில், பழைய சாமான்காரன் வந்து எடுத்துப்போகட்டும் என்று அவளே தள்ளி வைத்த மிஷின். மூன்று பேருமாகத் தூக்கி வந்தார்கள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள் தம்பி மனைவி. அதிலிருந்து ஒன்று, டார்ச்சிலிருந்து ஒன்று என்று பேட்டரிகள் கருவிக்குள் போயின. பழைய கம்ப்யூட்டர் உறுமியது, அணைந்தது, திரும்ப உறுமியது. ஒயர் அக்கா அதன் தலையில் கைவைத்தபடியே நின்றாள். கடவுள் பெயரெல்லாம் வாயில் வந்து போயின. கடைசியில் திரை வெளுத்தது.

இந்தத் தடவை கேபிளைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். இருந்தது. சொருகினாள்.

அம்புக்குறி அசையவில்லை. கருவியின் பெயர் திரையில் வந்தது.

பாதை புள்ளிபுள்ளியாக இறங்கியது. அந்தக் கருவி ஒரே சீரான இடைவெளியில் புள்ளி வைக்கும். வேகமாக நடந்தால் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும், மெதுவாக நடந்தால் நெருங்கி விழும், உட்கார்ந்துவிட்டால் சிக்கு விழுந்த நூலாக ஒரே இடத்தில் குவியும். முந்தாநாள் காலைப் புள்ளிகள் தள்ளித் தள்ளித்தான் விழுந்திருந்தன. அது அவன் நடை; அவளுக்குத் தெரியாதா? ஓடைக்கு மேலே பாறைச் சரிவு ஒன்றில் அவை சட்டென்று ஒட்டிக்கொண்டன. அங்கிருந்து ஒரு பாறை இடுக்குவரை எறும்பு ஊர்ந்தது போல ஒரு கோடு. இடுக்கில் பெரிய சிக்கு. அந்தச் சிக்கிலிருந்து ஓடைக்கு ஒரு கோடு, திரும்பிச் சிக்குக்கு ஒரு கோடு. மறுபடியும் ஓடைக்கு, மறுபடியும் சிக்குக்கு. எல்லாமே ஊர்கிற புள்ளிகள். கடைசிக் கோடு நேற்றுக் காலையில் ஓடைக்கு வந்தது. அதன்பிறகு, இன்று கருவியைக் கண்டெடுக்கும்வரை, புள்ளிகள் கரையிலேயே குவிந்து கிடந்தன.

"அவன் கீழ போகல" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "கால் போயிருக்கு. பாறை இடுக்குல படுத்துக்கிட்டு, தவழ்ந்து தவழ்ந்து தண்ணி குடிக்க வந்திருக்கான். மேல போகச் சொல்லுங்க. ஓடைக்கு மேல."

"தண்ணி குடிச்சுட்டு அப்படியே கீழ இறங்கியிருந்தா?"

"இந்த மாதிரி ஊர்றவன் எங்கங்க இறங்குவான்? சொல்லுங்க மேல!"

காவலர் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். பாறை இடுக்கு இருக்கும் இடத்தைக் காட்டும் எண்களை அவள் வாசிக்க, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார்.

அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. கருவி கரையில் விழுந்து கிடந்தது நேற்றுக் காலையிலிருந்து. அவன் மறுபடி தண்ணீருக்கு வந்திருந்தால் அதை எடுத்திருப்பான். எடுக்கவில்லை. அப்படியென்றால் நேற்றுக் காலைக்குப் பிறகு அவன் ஓடைக்கு வரவே இல்லை. வர முடியவில்லை. அவள் அந்தப் புது மிஷினோடு மல்லுக்கட்டிய நேரமெல்லாம் அவனுக்குத் தொண்டை காய்ந்துகொண்டிருந்தது.

இதைத் தம்பி மனைவியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவள் திரையில் இருந்த சிக்கின்மேல் விரலை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"இதானா அண்ணி? இங்கயா இருக்காரு?"

"இங்கதாம்மா."

வாக்கி டாக்கி கரகரத்தது, அடங்கியது. மேலே ஏறுகிறோம் என்றது. பனி என்றது. பிறகு எதுவும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் மறைந்தது. சுவரில் கடிகாரம் இல்லாததால் எவ்வளவு நேரம் போனதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒயர் அக்கா கேபிளின் முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதைதான் இறங்கியாயிற்றே, இனி அதில் ஒன்றும் வராது. தெரிந்தும் அவளால் கையை எடுக்க முடியவில்லை.

கரகரப்பு வந்தது. "ஆள் கிடைச்சாச்சு" என்றது ஒரு குரல்.

ஆள் என்றால் என்ன? உயிரோடு இருப்பவனும் ஆள்தான், இல்லாதவனும் ஆள்தான். காவலர்தான் கேட்டார்.

"பேச்சு இருக்கா?"

இரைச்சலுக்கு நடுவே பதில் துண்டு துண்டாக வந்தது.

"இருக்கு, இருக்கு. தண்ணி கேக்கறாரு."

ஒயர் அக்கா கேபிளை விட்டாள். தம்பி மனைவியை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "குடுக்கச் சொல்லுங்க, குடுக்கச் சொல்லுங்க" என்று அழுகைக்கு நடுவே அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.